தட்டு மாற்றப் போன ஆண்டியப்பன்

ஆண்டியப்பன் எவனையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடையில் சீனி வாங்கினால் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டச் சொல்வான். ரயில் அட்டனில் நிற்கும் என்று ஸ்டேசன் மாஸ்டரே சொன்னாலும், பக்கத்தில் நிற்கிறவனிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறுவான். அப்பேர்ப்பட்ட ஆள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது சும்மா இருப்பானா?

பெண்ணுக்கு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பெயர் பூரணி. மகன் கணேசமூர்த்தி அவளைத் தேர்த் திருவிழாவில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆண்டியப்பன் விசாரிக்க ஆரம்பித்தான். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா? பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறார்களா? பெண்ணின் அப்பன் எதில் செத்தான்? பெண் கொழுந்து எடுக்கிற இடத்தில் வாய்ச்சண்டை போடுமா? பதில் சொல்லிச் சொல்லித் தரகர் அழகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கேட்காமல் விட்டது ஒன்றுதான். பெண்ணின் தாயாருடைய பெயர். அதை எவன் கேட்பான்? தோட்டமே அவளைப் "பூரணியம்மா" என்றுதான் கூப்பிட்டது. இவனும் பூரணியம்மா என்றே வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனையும் தரகரையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு போய், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் முன் காம்பராவில் பாய் மேல் உட்கார்ந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து பெண்ணின் தாயார் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நிமிர்ந்து பார்த்த ஆண்டியப்பன் பாதித் தேத்தண்ணியை வேட்டியில் ஊற்றிக்கொண்டான்.

நாகலெட்சுமி!

இரண்டு பேரும் இளவட்டமாக இருந்தபோது றொசல்லப் பக்கம் ஒரே தோட்டம். அவளுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை, இவனுக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொள்வதாகப் பேச்சு. கடைசியில் ஓடவில்லை. அவளை நோர்வூட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், இவனுக்கு அட்டனில் ஒருத்தியைக் கட்டி வைத்துவிட்டார்கள். அதோடு சரி.

"சுடுதுங்களா?" என்றாள் அவள், முன்பின் பார்க்காதவள் மாதிரி.

"இல்ல, இல்ல. சூடு போதலை."

தரகர் அழகன் தொண்டையைச் செருமினார். "நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. இங்க வழக்கம் ஒண்ணு இருக்குங்க. முறை சொல்லித்தான் தட்டு மாத்தணும். மாப்பிள்ள அப்பா, பொண்ணோட அம்மாவ 'தங்கச்சி'ன்னு கூப்பிட்டுக் குடுக்கணும். அவங்க 'அண்ணே'ன்னு சொல்லி வாங்கிக்கணும். அதோட சம்பந்தம் முடிஞ்சுச்சு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

ஆண்டியப்பன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். ஊர் கூடி நிற்கும்போது ஒரு தடவை தங்கச்சி என்றால், சாகிற வரைக்கும் அவள் தங்கச்சிதான்.

"நேரம் சரியாப் பாத்தீங்களா?" என்றான்.

"மூணு பஞ்சாங்கத்துல பாக்கச் சொன்னீங்க. மூணுலயும் பாத்தாச்சு."

"வெத்தல வாடிக் கெடக்கே."

"நீங்க கொண்டாந்த வெத்தலதாங்க அது."

ஆண்டியப்பன் கூரையைப் பார்த்தான். "அதெல்லாம் இருக்கட்டும். புருசன் இல்லாதவங்க தட்டு வாங்கலாமா?"

"பொண்டாட்டி இல்லாதவரு குடுக்கலாம்னா வாங்கலாம்" என்று நாகலெட்சுமி பட்டென்று சொன்னாள். வாசலில் பெண்கள் சிரித்தார்கள். "என் அண்ணன்மாரெல்லாம் இந்தியாவுக்குப் போயிட்டாங்க. நான் வாங்காம யாரு வாங்குறது?"

வேறு ஒன்றும் தோன்றாமல், "கால் கழுவணும்" என்று ஆண்டியப்பன் எழுந்துவிட்டான்.

"உள்ள வர்றப்பவே கழுவுனீங்களே!" என்றார் தரகர். இவன் காதில் வாங்காமல் பீலிக்கரைக்குப் போய்க் குழாயில் கொட்டுகிற தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் நாகலெட்சுமி வாளியோடு வந்தாள்.

"தோலு உரியப் போகுது. காலை எடு, தண்ணி புடிக்கணும்."

"அந்தத் தரகன் நீதான்னு சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்."

"பொய்யி."

ஆண்டியப்பன் தாடையைத் தடவினான். "சரி, சவரம் பண்ணிக்கிட்டு வந்திருப்பேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு முன்னயே தெரியும். மாப்பிள்ள வீட்டுக் கெழவன் மூணு பஞ்சாங்கம் பாக்கச் சொல்றாருன்னு தரகரு அழுதாரு. இந்த மலையில அப்படி ஒரு சந்தேகப் பிராணிதானே இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கெழவன்னா சொன்னான்?"

"நான்தான் சொல்றேன்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் வரச் சொன்ன?"

"பாக்கணும்போல இருந்துச்சு."

"யாரை? மாப்பிள்ளையையா?"

"மாப்பிள்ளையத்தான் வாரா வாரம் பாக்குறேனே. ஞாயித்துக்கெழமையானா நோர்வூட்டுக்கு முடிவெட்ட வருது. ஒரு தலையில எத்தன தடவதான் முடிவெட்டுறது?"

இவனுக்குப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. "அன்னைக்கு நீ மட்டும் ஓடி வர்றேன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தா..."

"ரெண்டு தடவ அடிச்சேன்யா! மூணாந்தடவயும் அடின்னு நின்ன. அதுக்கு மேல எவ நிப்பா?"

"ரெண்டாவது காத்துல அணைஞ்சுச்சு. அதைக் கணக்குல சேக்க முடியுமா?"

"காத்தா? என் கை வெந்துபோச்சு, காத்தாமுல்ல!"

ஆண்டியப்பன் குரலைத் தாழ்த்தினான். "நாகு, இப்ப நீயும் தனி, நானும் தனி. அதுக ரெண்டுக்கும் வேற எடம் பாத்துட்டா..."

"நில்லு. நீயும் நானும் கட்டிக்கிட்டா அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி. அதுக கட்டிக்கிட்டா நாம ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. ரெண்டு கல்யாணத்துல ஒண்ணுதான் நடக்கும். எதுன்னு நீயே சொல்லு."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா நம்பவா போற?"

வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் லயத்து மூலையிலிருந்து கணேசமூர்த்தி வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னாப்பா, எதும் கொறையா? வேணாம்னு சொல்லிடாதீங்கப்பா."

"இருடா. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் ஒன்கூட நிக்கும்னு எதை வச்சு நம்புற? எதும் சத்தியம் கித்தியம் வாங்குனியா?"

கணேசமூர்த்தி விழித்தான். "அதெல்லாம் நான் கேட்டதே இல்லியேப்பா. எதுக்குக் கேக்கணும்?"

ஆண்டியப்பனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தான். "முட்டாப் பய" என்று முணுமுணுத்துவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

பாயில் உட்கார்ந்து தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். நாகலெட்சுமி எதிரே வந்து நின்றாள்.

"இந்தா..." என்றான். இருமல் வந்தது.

"முறை சொல்லுங்க" என்றார் தரகர்.

"சொல்றேன்யா! ஒனக்கு ரயிலுக்கு நேரமாச்சா?" மூச்சை இழுத்து விட்டான். "இந்தா... தங்கச்சி. வாங்கிக்க."

"குடுங்கண்ணே."

ஒரு தடங்கல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சொல்லித் தட்டை வாங்கிவிட்டாள். ஆண்டியப்பனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. கொஞ்சமாவது திக்கியிருக்கலாம் இல்லையா? கணேசமூர்த்தி சுவரில் சாய்ந்து பல்லெல்லாம் தெரிய நின்றான். உள் காம்பராவில் வளையல் சத்தம் கேட்டது.

நாகலெட்சுமி தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணன்னு சொல்லியாச்சு. இனிமே தீவாளிக்குச் சேல எடுத்துக்கிட்டு வந்து, தங்கச்சி வீட்டுல ஒக்காந்து ஒருவேளை சாப்புட்டுத்தான் போகணும். கூடப்பொறந்தவங்கன்னு எனக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றாள்.

"அதானே! அண்ணன்னா சும்மாவா?" என்று வாசல் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆண்டியப்பன் யோசித்தான். அந்தக் காலத்தில் அவளுடைய லயத்துப் பக்கம் இவன் தலைகாட்டினாலே அவள் அண்ணன்மார் கல்லெடுப்பார்கள். இப்போது ஒரு லயமே கூடி நின்று, வராவிட்டால் விடமாட்டோம் என்கிறது.

"தீவாளிக்கு மட்டுந்தானா?" என்றான்.

"பொங்கலும் இருக்கு."

"ஆடிப்பூசை?"

"மொதல்ல தீவாளிக்கு வாங்கண்ணே, பாப்போம்."

"சேல என்னா கலருல எடுக்கணும்?"

புருசனை இழந்தவளிடம் கலர் கேட்கிறானே என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் எடுத்துக் குடுத்தா எந்தக் கலருன்னாலும் கட்டலாம்" என்றாள்.

"அது எப்படி? எந்தக் கலருன்னாலும்னா கடைக்காரன் ஏமாத்திப்புடுவான். சரியாச் சொல்லு."

"ஐயா," என்றார் தரகர் அழகன், "கல்யாணத் தேதியப் பேசிடலாங்களா?"

"இருய்யா," என்றான் ஆண்டியப்பன், "சேல விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்ல."