பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர் மாமியார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களின் லேப்டாப்பில் அது உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா வழியாக ஒரு படம் எடுக்கும். எத்தனை எழுத்து தட்டினாள், எத்தனை நிமிடம் சும்மா இருந்தாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். படத்தில் முகம் தெரியாவிட்டால் அந்தப் பத்து நிமிடம் வேலையில் சேராது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை எங்களுடையது. அவர்கள் போட்ட விதி, நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பார் மேனேஜர் வெற்றிச்செல்வன்.

அந்தப் படங்களைப் பார்த்து ‘சரி’ போடுவது என் வேலை. தஞ்சாவூரில் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு பாபநாசத்திலும் பட்டுக்கோட்டையிலும் கூத்தாநல்லூரிலும் இருக்கிற பதினெட்டுப் பெண்களின் முகங்களைப் பார்ப்பேன். யார் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள், யார் வீட்டில் சண்டை எல்லாம் எனக்கு அத்துப்படி. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாகம்மாள் ஒருநாள் விளக்கேற்ற எழுந்து போனதற்கு, “சாமி எங்கயும் ஓடிடாது, லாக் அவுட் பண்ணிட்டுப் போ” என்று போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

கூத்தாநல்லூர் ஆயிஷாவை மட்டும் நான் திட்டியதே இல்லை. திட்ட இடமே வைக்க மாட்டாள். அவள் கணவர் ஜெக்கரியா சார்ஜாவில் ஒரு கடையில் இருந்தார். ஆவணிக் கடைசியில் ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் ஆயிஷா போன் செய்தாள்.

“சந்திராக்கா, நான் வேலைக்கு வந்துர்றேன். சும்மா ஒக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. ஆனா இத்தா இருக்கேன்க்கா. நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பளைங்க யாரும் என்னப் பாக்கக் கூடாது. அந்தக் கேமராவ மட்டும் அணைச்சு வச்சுக்கலாமா?”

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். “முகம் இல்லன்னா சிஸ்டம் ஏத்துக்காது மேடம். வேலைக்குச் சேரும்போது படம் எடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தாங்க? வேணும்னா நாலு மாசம் கழிச்சுப் புதுசா அப்ளை பண்ணட்டும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு யோசனையும் வரும். ஆயிஷாவின் படங்கள் மேனேஜருக்குப் போகாமல் என் திரைக்கு மட்டும் வருகிறபடி மாற்றி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“நான் ஒருத்திதான் பாப்பேன். போதுமா?”

“ஆம்பளைங்க யாரும் பாக்க மாட்டாங்கள்லக்கா?”

“எம்மேல நம்பிக்கை இல்லியா?”

“நீங்க சொன்னா சரிக்கா” என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் முகம் வரத் தொடங்கியது. வெள்ளைத் துணியால் தலையை மூடியிருப்பாள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இருக்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு ஆயிஷா. சில படங்களில் கண் சிவந்திருக்கும். சில படங்களில் கன்னம் நனைந்திருக்கும். ஒன்றில் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் மட்டும் குறையவே இல்லை. மற்றவர்கள் நாளெல்லாம் முடிப்பதை அவள் மதியத்துக்குள் முடித்தாள். எல்லாப் படத்துக்கும் ‘சரி’ போட்டேன்.

ஐப்பசி முதல் வாரம், மாதத்தின் சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. மூன்று மாதம் அந்தப் பெயர் வாங்கினால் வேலை நிரந்தரம். வேறு யாரைப் போடுவேன்? அவளுக்கு ஒரு நல்லதாவது நடக்கட்டும் என்று ஆயிஷாவின் பெயரைப் போட்டு, ‘அறிவி’ என்பதை அழுத்தினேன். பெயர் மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். மாமியார் படத்தையும் சேர்த்து அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை.

அலுவலகக் கூடத்தில் புதிதாக ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு அதில் ஆயிஷா வந்தாள். அன்று காலை எடுத்த படம். அழுது வீங்கிய முகம், வெறும் கழுத்து. அவளைச் சுற்றிப் பொன் நிறப் பூக்கள் கொட்டின. கீழே ‘வாழ்த்துகள்!’ என்று எழுத்துகள் குதித்தன.

யாரோ என் மேசையைத் தட்டினார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் ஆஸிம், ஜெக்கரியாவின் ஒன்றுவிட்ட தம்பி. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான்.

“மேடம், அத அணைங்க. எங்க அண்ணியோட மொகம் மேடம் அது.”

ரிமோட் மேனேஜர் அறையில் இருந்தது, அறை பூட்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி ஒயரைப் பிடுங்கினேன். ஆனால் அதற்குள் அதே படம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவுக்கும் போயிருந்தது. இருநூறு பேருக்கு மேல் உள்ள குழு. நிறையப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அதே குழுவில் ஆயிஷாவும் இருந்தாள்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மன்னார்குடியில் பஸ் மாறிக் கூத்தாநல்லூர் போனேன். வழியெல்லாம் சம்பா நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்றது. என்ன சொல்வது என்று பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஆயிஷாவின் அம்மா ஹஃப்ஸா கதவைத் திறந்து, “வாங்க, உள்ளதான் இருக்கு” என்றார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

உள்ளறையில் ஆயிஷா பாயில் உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். பக்கத்தில் லேப்டாப் பை, ஒயர் சுற்றி, ஜிப் போட்டு, தயாராக இருந்தது.

“என் தப்புதான். மன்னிச்சிருமா. படமும் போகும்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

“அவரு மொகத்தக் கடசியா நான் பாக்கலக்கா. அங்க யாரு யாரோ பாத்து மண்ணுல வச்சாங்க. இங்க எம் மொகத்தயும் யாரு யாரோ பாத்துட்டாங்க.” பையை என் பக்கம் நகர்த்தினாள். “வேல வேண்டாம்க்கா.”

“வேலை பாத்தாத்தான் மனசு ஆறும்னு சொன்னியேம்மா.”

“சொன்னேன்.” தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “நீங்க ஒருத்திதான் பாப்பேன்னு சொன்னீங்கள்ல. தெனமும் பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்.”

“நான் அழுதத?”

“பாத்தேன்மா.”

“ஒரு நாளு போன் பண்ணி ஏண்டி அழுவுறன்னு கேட்டுருக்கலாமேக்கா.”

கேட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன் எனச் சொல்லியிருக்கலாம். அது பொய். நான் அப்படி எதையும் நினைக்கவே இல்லை. முகம் இருந்தது, திரையில் பச்சை எரிந்தது, ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். ஒரு நாளைக்கு ஐம்பது படம். இருபத்தாறு நாள். அத்தனை தடவை அவள் முகத்தைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அழுதேன். அவள் அழவில்லை.

ஹஃப்ஸாம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஆயிஷாவால் வாசல்வரை வந்து வழியனுப்ப முடியாது. இத்தா முடிய அவளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தூறல் சத்தம் கேக்குதே. கொட வச்சிருக்கீங்களாக்கா?”

“இருக்குமா” என்று சொல்லிவிட்டு, பையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தேன். என்னிடம் குடை இல்லை.