மருந்து ரூமுக்குள் அசுரன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனி வேன் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் சும்மா நிற்கும். வாரமெல்லாம் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போய் வருகிற வேன். சங்கிலிமுத்துதான் ஓட்டுகிறான். பகலில் அங்கேயே லோடும் ஏற்றுவான். அவன் பெண்டாட்டி வேல்விழிக்கும் பக்கத்து வீட்டு முருகம்மாளுக்கும் அதே கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. இந்த மூன்று பேரையும் வேனுக்குள் எதிரெதிர் சீட்டில் உட்காரவைத்து, முனியராஜ் ஆட்டம் நடத்துவான்.

சங்கிலிமுத்துவுக்குத் தம்பி முறையான முனியராஜுக்குச் சிவகாசியில் அச்சு மெஷின் வேலை. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஏதோ விளையாட்டுப் புத்தகம் அச்சடிக்க ஆர்டர் கொடுத்திருந்தது. கலர் பார்க்க வந்த பையன், கரண்ட் இல்லாத நேரத்தில் அதை ஆடிக் காட்டினான். ஒருத்தன் கதை சொல்லணும். இடம் எப்படி இருக்கிறது, எதிரே யார் நிற்கிறார்கள் என்று. மற்றவர்கள் கதைக்குள் ஆளாகிவிடுவார்கள். என்ன செய்கிறோம் என்று அவரவர்தான் சொல்லணும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்ட வேண்டியது. முனியராஜ் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். உருட்டுவதற்கு வேல்விழியின் தாயக்கட்டை இருந்தது. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று மறு ஆட்டம் கிடைக்கிற எண் விழுந்தால் காரியம் பலிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மற்றவர்கள் செய்வதையும் அவனே சொல்லிவிடுவான்.

"முருகம்மா அத்தை வாளை உருவிக்கிட்டு, பயந்து பயந்து உள்ள போறாக..."

"நான் எப்பலே பயந்தேன்?" என்பாள் முருகம்மாள். "நடக்கதும் நீ, பயப்படுறதும் நீ. பெறகு நாங்க எதுக்கு இங்கன வேகுறோம்?"

போன வாரம் பாதிக் கதையில் சங்கிலிமுத்து குறட்டையே விட்டுவிட்டான். முருகம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் ஒரு வாரம் பாப்பேன் மருமவனே. அடுத்த வாரமும் இப்படித்தான்னா, கவர்மெண்டு டிவில நாலு மணிப் படம் பாக்கப் போயிருவேன்." மற்ற இரண்டு பேரும் அவள் பின்னாலேயே வேனை விட்டு இறங்கினார்கள்.

வாரம் பூராவும் முனியராஜ் மெஷினோடு நிற்கிறவன். அந்தச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. இந்த மூன்று பேரும் போய்விட்டால் அவன் கதையைக் கேட்க ஊரில் நாலாவது ஆள் கிடையாது. அதனால் இந்த வாரத்துக்கு அசுர ராஜாவையே இறக்குவதென்று முடிவு பண்ணியிருந்தான். அசுரன் பேசப்போகிற பேச்சை மெஷின் பக்கத்தில் நின்று நின்றே கட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

"கோட்டைக்கு அடியில ஒரு ரூமு," என்று ஆரம்பித்தான். "ரூமு நெறைய வெடிமருந்து மூட்டை. காவக்காரன் ஒருத்தன் தூங்குறான். செவத்து மாடத்துல அகல்விளக்கு எரியிது. அந்தப் பக்கக் கதவைத் தொறந்தா அசுரனோட சபை. நீங்க மூணு பேரும் குடுகுடுன்னு ஓடி..."

"நில்லுலே," என்றாள் முருகம்மாள். "மருந்து ரூமுக்குள்ள எவன்லே விளக்கு வச்சவன்?"

அழகுக்காக வைத்த விளக்கு. முனியராஜ் கதவுப் பக்கமே கையைக் காட்டினான்.

"அது கெடக்கு அத்தை, நீங்க கதவைத் தொறங்க."

"கதவாவது கருமமாவது! ஏளா வேல்விழி, வளையலக் கழட்டு. சங்கிலி, சாக்கு நனைச்சுக் கொண்டா. ஒருத்தரும் ஓடக் கூடாது."

வேல்விழியின் கை நிஜமாகவே வளையலுக்குப் போனது. "கொழுந்தனாரே, ஒடம்புல உள்ள கரண்டு எறங்க வாசல்ல செம்புத் தகடு பதிச்சிருக்கா?"

"அசுரன் கோட்டையில செம்புத் தகடு எங்கிட்டு இருக்கும் மதினி?"

"அப்ப ஈரத் தரையில கைய வச்சுட்டுத்தான் உள்ள காலெடுத்து வைப்பேன்."

இப்படியே போனால் அசுரன் பொங்கலுக்குத்தான் வருவான் என்று முனியராஜுக்குத் தோன்றியது. குரலை உயர்த்தினான். "அதுக்குள்ள கதவு தொறந்துருச்சு! அசுர ராஜாவே வந்துட்டான்!"

"வந்தா வெளிய நிக்கச் சொல்லு," என்றாள் முருகம்மாள். "நாங்க மூணு பேரு, காவக்காரன் ஒருத்தன். மருந்து ரூமுன்னா நாலு பேருதான் கம்பெனிக் கணக்கு."

சங்கிலிமுத்து சீட்டில் அடித்துச் சிரித்தான். முனியராஜுக்குச் சுள்ளென்று வந்தது. விளக்கு விழுந்தது, எல்லாரும் காலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் வேல்விழியைப் பார்த்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத விளக்கை ஏந்தி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். சங்கிலிமுத்து சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தான். ஒருத்தர் கண்ணிலும் தூக்கமில்லை. முருகம்மாள் வெற்றிலை மெல்லக்கூட மறந்துபோயிருந்தாள்.

முனியராஜ் வந்த வார்த்தையை விழுங்கினான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"விளக்கு கையில இருக்கு மதினி. வாசலு ரொம்ப தூரம். என்ன செய்யுறீக?"

"ஒரு எட்டு வைக்கேன்."

"வச்சாச்சு. திரி லேசா ஆடுது."

"நிக்கேன். ஆட்டம் அடங்கட்டும்."

"அடங்கிருச்சு."

"இன்னொரு எட்டு."

சங்கிலிமுத்து கீழே மருந்து சிந்தியிருக்கிறதா என்று கேட்டான். சிந்தியிருந்தது. அதன் மேல் ஈரச் சாக்கை விரித்தான். வேல்விழி வாசல் தாண்டும்போது கட்டையை உருட்டினாள். அஞ்சு விழுந்தது. விளக்கு வெளியே போய் அணைந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். முனியராஜுமே விட்டான்.

"அசுரன் இன்னும் அங்கனதான் நிக்கானா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கான். உள்ள வரணும்ங்கான்."

"வரட்டும். காவக்காரனை எழுப்பி வெளிய அனுப்பு, கணக்குச் சரியாயிரும். அவன் காலுல என்ன?"

"இரும்பு லாடம் அடிச்ச செருப்பு."

"கழட்டச் சொல்லு."

"ராஜா அத்தை அவன்!"

"ராஜான்னா மருந்து பத்திக்கிடாதா? லாடம் கல்லுல ஒரசிச்சுன்னா அவன் கோட்டையும் சேந்துதான் போவும். அதையும் சொல்லு."

நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் கட்டைக்கு உரிய மரியாதையைக் கொடுக்கணுமே. முருகம்மாள் உருட்டினாள். இரண்டு கட்டையும் புள்ளியில்லாமல் மொட்டையாக விழுந்தன. பன்னிரண்டு.

"கழட்டிட்டான்."

"கிரீடம் இரும்பா?"

"இரும்புதான். அதையும் எறக்கி வச்சுட்டான்."

"இடுப்புல தொங்குறது?"

இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று முனியராஜுக்கு இப்போது புரிந்துவிட்டது. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே விட்டான். "வாளு. அதையும் வாசல்லயே வச்சுட்டு, வெறுங்காலோட உள்ள வாரான்."

சங்கிலிமுத்து துள்ளி எழுந்தான். வேன் கூரையில் தலை இடித்தது. "அத்தே! அவன் கையில ஒண்ணுமே இல்ல! நான் வெளிய போயி வாளை எடுத்துக்கிட்டேன்!"

வேல்விழி கெக்கலி கொட்டினாள். அந்த நேரம் பார்த்து முருகம்மாளின் மகள் செல்லக்கனி வேன் ஜன்னலில் தலையை நீட்டினாள். "எம்மா, படம் போட்டு எம்புட்டு நேரமாச்சு. வரலையா?"

"போட்டாப் போட்டுட்டுப் போறான்! இங்கன ஒரு ராஜாவைப் பிடிச்சு வச்சிருக்கோம். நீ போயி பாரு போ."

அசுரனின் பேச்சு முனியராஜின் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது. வெறுங்காலோடு நிற்கிறவன் வாயில் அது எடுபடாது. போகட்டும் என்று விட்டான்.

"சரி, அசுரன் உங்க கையில. என்ன செய்யப் போறீக?" என்று கேட்டான்.

"கோட்டையை எழுதி வாங்குவோம்," என்றான் சங்கிலிமுத்து.

"கோட்டையை வச்சு நீங்க என்னத்தப் பண்ணுவீக? ஒரு வேனைக் கழுவுறதுக்கே துப்பில்ல," என்றாள் வேல்விழி. "பாவம், மிரண்டு போயி நிக்கான். விட்டுருவோம்."

"விடுறதா? மருந்து ரூமுல விளக்கு வச்சவனை விடுறதா?" என்றாள் முருகம்மாள்.

"விளக்கு வச்சது அவனில்லத்தே, கொழுந்தனாருல்லா."

"அப்ப ரெண்டு பேரையும் சேத்துக் கட்டு."

முனியராஜ் ஏதோ சொல்ல வந்தான்.

"ஏலே, நீ சும்மா இரு," என்றாள் முருகம்மாள். "நாங்க பேசி முடிச்சுட்டுச் சொல்லுதோம். அதுவரைக்கும் அந்த அசுரன் அங்கனயே நிக்கட்டும், நீயும் நில்லு."

முனியராஜ் சீட்டில் சாய்ந்து காலை நீட்டினான். அவர்கள் மூன்று பேரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.