தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

கதவை இழுத்துச் சாத்தியது மூத்தார் சடையப்பன்தான். பிறகு அவரே நான் இல்லை, காற்றுதான் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அன்றைக்கு ஆரணியில் ஒரு இலை அசையவில்லை.

தம்பி கந்தசாமி காலையில் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டுத் தேசூரிலிருந்து மொபெட்டை முறுக்கிக்கொண்டு வந்தவர், வந்த வேகத்தில் பாடைக்கு மூங்கில், தென்னங்கீற்று, கயிறு, சட்டி எல்லாம் வாங்கி இறக்கிவிட்டார். நாய் நக்கும், மாடு மேயும் என்று அவற்றைப் பின்கட்டில் இருந்த வண்டி ஷெட்டுக்குள் போட்டார். கூடவே தன் மொபெட், வந்தவர்களின் பைக்குகள் ஏழெட்டு. "சாவு வூட்டுக்கு வர்றவன்ல எவன் எப்படிப்பட்டவனோ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் இரும்புக் கதவை இழுத்தார். டணார் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் பிரீசர் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் கந்தசாமியின் பெண்சாதி பூங்காவனம். கண்ணாடிக்குள் கந்தசாமி, காபி கேட்டுவிட்டு அது வருவதற்குள் புறப்பட்ட மனுஷன், இன்னும் காபி வரவில்லையே என்கிற முகத்தோடு படுத்திருந்தார்.

"பூங்காவனம், ஷெட்டு சாவி எங்கம்மா?" என்று வந்து நின்றார் சடையப்பன். "கதவு தானா பூட்டிக்கினு தெறக்க மாட்டேங்குது. ஜல்தியா குடு. ஒரு மணிக்குள்ள எடுத்துடலாம்."

சாவி எங்கே என்று பூங்காவனத்துக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கந்தசாமியின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. வேட்டிக்கு உள்ளே, வலது இடுப்பில். அவர் அதை அவிழ்க்கவே மாட்டார். கதவோடு இடுப்பை ஒட்டிக்கொண்டு நின்று, எக்கி, வளைந்து, அப்படியேதான் திறப்பார். இன்று விடியற்காலையில்கூட அப்படித் திறந்து வண்டியைத் துடைத்துவிட்டு, காபி குடித்த பிறகு சாத்திக்கொள்ளலாம் என்று வந்துதான் உட்கார்ந்தார்.

சொல்ல வாயெடுத்தாள். மடியில் இருந்த போன் அடித்தது. பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கும் மகள் லாவண்யா.

"அம்மா, ஆம்பூர் தாண்டல. ரோடு வேலைன்னு பஸ்ஸு நவுரவே இல்ல. அப்பாவ எடுத்துட மாட்டீங்களே?"

பூங்காவனம் மூத்தாரைப் பார்த்தாள். "மாமா, பொண்ணு வந்துகினு இருக்குது. முகத்தப் பாத்துடட்டுமே."

"வீடியோ கால்ல காட்டு. எனக்கு இருட்டினா கண்ணு தெரியாது. வண்டிய எடுத்துக்கினு நான் தேசூர் போய்ச் சேர வேணாமா? சாவியச் சொல்லு."

முப்பது வருஷம் தோளில் தூக்கி வளர்த்த அப்பனை வீடியோ காலில் வழியனுப்புவதாம். பூங்காவனம் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கு இன்னா மாமா தெரியும். அவரு எங்கனா வெச்சிருப்பாரு."

தேடுதல் வேட்டை தொடங்கியது. சட்டைப் பை, தலையணை உறை, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்பக்கம். கதவு செய்த வெல்டர் தமிழ்வாணன் மாலையோடு துக்கத்துக்கு வந்தவன், வாசலிலேயே மடக்கப்பட்டான்.

"மொத்தம் மூணு சாவி குடுத்தேங்க. வெளிய இருந்தா எவனாவது எடுத்துடுவான்னு, ரெண்ட ஷெட்டுக்குள்ளயே ஆணியில மாட்டிட்டாரு."

"உள்ளயா?"

"உள்ளதாங்க. பத்திரமா இருக்கும்."

சடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கந்தசாமி கதை அப்படி. போன வருஷம் போளூரில் ஒரு சாவுக்குப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் போயிருந்த நேரத்தில் ஷெட்டிலிருந்த பைக்கை எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். புதுசு வாங்கிய கையோடு தமிழ்வாணனைக் கூப்பிட்டார். கீல் வெளியே தெரிந்தால் அறுத்துவிடுவான், உள்ளே வை என்றார். வைத்தான். உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியதில் பைக்கின் ஹேண்டில் நுழையவில்லை; கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மறுபடி மாட்டினான். கீல் மட்டும் அப்போதும் வெளியே தெரியக் கூடாதாம். ஓட்டைப் பிரித்து இறங்குவானே என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் கூரைக்கடியில் கம்பி வலை அடிக்கச் சொன்னார். கடைசியில் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். கல்யாண நாளுக்குக்கூடத் தேங்காய் உடைக்காத மனுஷன்.

அன்றிலிருந்து தினம் ராத்திரி படுக்கப் போகுமுன் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். டணார், டணார், டணார். மூன்றாவது சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள்: "பூட்டிக்கிச்சிண்ணே, போய்ப் படு."

அந்தக் கன்னியம்மாதான் இப்போது வினையாக வந்தாள். மதில் மேலிருந்து அவர் இடுப்பை வளைத்துத் திறப்பதைப் பார்த்துச் சிரித்தவள் ஆயிற்றே. சாவியைத் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், "அட, அண்ணன் எப்பவும் அத அரைஞா..." என்று ஆரம்பித்தாள்.

பூங்காவனம் எழுந்தாள். ஒரே எட்டில் போய்க் கன்னியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று ஒப்பாரி வைத்தாள்.

"என் கூடப் பொறக்காத பொறப்பே, நானு எத்தச் சொல்லி அழுவேன்..."

ராகத்தை இழுத்துவிட்டு, மூச்சு வாங்கும் சாக்கில் காதுக்குள், "வாயத் தொறந்த, கொன்னுடுவேன். லாவண்யா வர்றவரைக்கும்" என்றாள்.

கன்னியம்மா ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் பூங்காவனத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, அவளைவிட ஒரு கட்டை மேலே எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, என் அண்ணி, நான் எதையும் பாக்கலையே..."

எழவு வீட்டில் இப்படி ஒரு ஒப்பாரியை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் உருக்கமாக இருந்தது. இரண்டு பெண்கள் கூடவே அழுதார்கள்.

"வேற மூங்கில் வாங்கிடலாமே" என்றார் ஒருவர்.

சடையப்பன் பதறிவிட்டார். "ஒரு சாவுக்கு ரெண்டு பாடைச் சாமான் வாங்கக் கூடாதுய்யா. ரெண்டாவது சாமானுக்கு ரெண்டாவது ஆளக் கேக்கும்." அந்தக் குடும்பத்தில் அடுத்த மூத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வற்புறுத்தவில்லை.

"அப்ப மொதல்ல குளிப்பாட்டிடலாங்களா?" என்றான் தமிழ்வாணன்.

பூங்காவனம் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டாள். குளிப்பாட்டினால் அரைஞாணை அறுப்பார்கள்.

"பாடை கட்டாம பொணத்தக் குளிப்பாட்டறது எந்த ஊரு வழக்கம்?" என்று சீறினார் சடையப்பன். "எல்லாம் மொறப்படிதான் நடக்கணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூங்காவனம் மூத்தாரை மனசுக்குள் கும்பிட்டாள்.

கட்டிங் மெஷின் வந்தது. தமிழ்வாணன் தன் கதவைத் தானே அறுக்கிற துக்கத்தோடு பட்டனை அழுத்தினான். கிர்ரென்று ஒரு சுற்று. வீடு முழுக்கப் பீஸ் போனது. கூடத்தில் பிரீசர் பெட்டி நின்றது. பீஸ் போட்டு மறுபடி அறுத்தான். மறுபடி போனது. "மெஷின் ஓடினா பொட்டி ஓடாதுங்க. ஒண்ணுதான் ஓடும்" என்றான். கதவில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்தான். பெருமை முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டான்.

"என் தம்பி செத்தும் பேஜார் பண்றான்யா" என்றார் சடையப்பன். சொன்னவருக்குக் குரல் உடைந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கதவில் சாய்ந்து, அன்று முதல் முறையாக அழுதார். பின்கட்டுப் பக்கமாக எட்டிப் பார்த்த பூங்காவனத்துக்குச் சொல்லிவிடலாமா என்று ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. ஒன் பொண்ணு வந்துடும்" என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் ஆட்டோ நின்றது. லாவண்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கண்ணாடிமேல் விழுந்தாள். "அப்பா, நான் வந்துட்டேன்பா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பூங்காவனம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் அழுது, ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பன் முகத்தை நிதானமாகப் பார்க்கிறவரைக்கும் பேசவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தினாள். "மாமா, அவரு இடுப்புல பாத்தீங்களா?"

பெட்டியைத் திறந்தார்கள். சடையப்பன் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். ஜில்லிட்ட சாவி, கயிற்றோடு வந்தது. அதைப் பார்த்தார். பூங்காவனத்தைப் பார்த்தார்.

"இது இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

"மறந்துட்டேன் மாமா."

கன்னியம்மா கூரையைப் பார்த்தாள். சடையப்பன் லாவண்யாவின் வீங்கிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. வயசானா எல்லாருக்கும் மறக்கறதுதான்" என்றார். "போய்க் கதவத் தெறங்கடா."

காரியம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதே. ஒவ்வொருவராகப் பைக்கை உருட்டி வெளியே எடுத்து, தெருமுனை போய் ஸ்டார்ட் செய்துகொண்டு போனார்கள். சடையப்பனுக்குக் கண் தெரியவில்லை. மொபெட் ஷெட்டிலேயே நின்றது. கூடத்து மூலையில் துண்டை விரித்து முடங்கிக்கொண்டார். லாவண்யா தறிக்கட்டையில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

பூங்காவனம் பின்கட்டுக்குப் போனாள். அவருடைய பைக்கும் மொபெட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆணியில் இரண்டு சாவியும் அப்படியே இருந்தன. எடுக்கவில்லை. கையிலிருந்த சாவியை முந்தானையில் முடிந்து, கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்தாள். டணார். இன்னொரு தடவை. டணார். சற்று நின்றாள். மூன்றாவது தடவையும் இழுத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"பூட்டிக்கிச்சி அண்ணி" என்றது கம்மிய குரல். "போய்ப் படு."