அடைத்த ஓட்டை

பின் கட்டைகளைச் சாய்க்க உருட்டுகிற பௌலிங் பந்தில் விரல் ஓட்டை போடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று கல்யாணத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் மனைவி பிரேமாவதி கெடா மாநில அணிக்கு ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவள். அவள் பந்துகளுக்கு ஓட்டை போடுகிறவர் அவளுடைய அண்ணன் சுகுமாரன், என் மச்சான்.

பந்துக்குள்ளே கனமான கரு ஒன்று இருக்கிறது. விரல் ஓட்டைகளை அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் பந்து வளையும், அல்லது அடங்கிப் போகும். மச்சான் அவித்த முட்டையை வெட்டிக் காட்டி விளக்கினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பந்து உருளுகிற பலகைத் தடமான லேனில் எண்ணெய் பூசியிருந்தால் நன்றாக வளைகிற பந்து வேண்டும், காய்ந்த லேனுக்கு அடங்கின பந்து.

எங்கள் ஊரான சுங்கை பட்டாணியில் லேன் காய்ந்து கிடந்தது. எண்ணெய் பூசுகிற மிஷின் கெட்டு மாதக்கணக்கில் ஆயிற்று. முதலாளி தவுக்கேயைக் கேட்டால் நாளைக்கு என்பார்.

மாநில அணிக்கான தேர்வு அலோர் ஸ்டாரில். பிரேமாவுக்கு முப்பத்தொரு வயது. இதுதான் கடைசி அழைப்பு என்று தேர்வுக்குழுவே சொல்லிவிட்டது. அங்கே எண்ணெயை அள்ளிப் பூசுவார்கள் என்று மச்சான் புதுப் பந்தை நன்றாக வளைகிற மாதிரி துளைத்துக் கொடுத்தார். சரியாகத்தான் கொடுத்தார். ஆனால் போட்டுப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது அந்தக் காய்ந்த லேன்தானே! பந்து பாதி வழியிலேயே திரும்பி இடது ஓரப் பள்ளத்தில் விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது.

"என்னாண்ணே, பந்தக் கெடுத்துட்டியே!"

"அங்க எண்ணெ இருக்கும் பிரேமா. அங்க சரியா போகும்லா."

"நீ போய்ப் பாத்தியா? எனக்கு நம்பிக்க வரல."

ஒரு வாரம் வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் தங்கச்சி அழுததும் மச்சான் இளகிவிட்டார். ஓட்டைகளை அடைத்து, பந்து அடங்கிப் போகிற மாதிரி வேறு இடத்தில் துளைத்தார். காய்ந்த லேனில் பந்து பசுமாடு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. அன்றைக்கு மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றோம். எனக்கும் சந்தோஷம்தான், மடையன்.

தேர்வன்று அவளுடைய முதல் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே நேராகப் போய், வலது ஓரத்தில் இரண்டு பின்களை மட்டும் தட்டியது. நிற்கிற இடத்தை மாற்றினாள். வேகத்தைக் குறைத்தாள். பந்து வளைவதாக இல்லை. பக்கத்து லேனில் ஒரு சின்னப் பெண்ணின் பந்து கடைசியில் அழகாக வளைந்து பத்துப் பின்களையும் சாய்த்தது. முதலில் போட்ட ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருந்தால் எங்கள் பந்தும் அப்படித்தான் போயிருக்கும். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பிரேமா பாதியில் எழுந்து வந்திருக்கலாம். கடைசி ஆட்டம் வரை ஆடினாள், பாவி. பார்க்கவே முடியவில்லை.

நான் ஓட்டிய வண்டி பெண்டாங் தாண்டியதும் பிரேமா பின்சீட்டில் இருந்த அண்ணனைத் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணே, அந்த மொத ஓட்ட இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேனா?"

பந்து விஷயத்தில் எவனுக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லம்மா. அதுவும் வளஞ்சிருக்காது. நான்தான் ரெண்டு தடவையும் தப்பா போட்டுட்டேன்."

பிரேமா அதை நம்பிவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கத்தினாள். "என் வாழ்க்கையையே கெடுத்துட்டியேண்ணே!"

மச்சான் ஆமாம் என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அன்றிலிருந்து அவள் அண்ணனிடம் பேசுவதில்லை.