எங்கும் தெரியும் எழுத்து

ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் சாரா, அப்பா அம்புரோஸ் இறந்த செய்தியைத் தன் இணையப் பக்கத்தில் ஏற்றினாள். கப்பலில் இருக்கும் அண்ணன் ஜெரியிடம் அதை வாயால் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. கோயில் நோட்டீசுகளுக்கு வழக்கமாக வைக்கும் அழகான தமிழ் எழுத்துருவையே இதற்கும் வைத்தாள்.

சிங்கப்பூரில் கரையிறங்கியதும் ஜெரி ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து போன் செய்தான். "இன்னா சாரா இது? உன் பக்கம் பூரா ஒரே கலீஜா, கிறுக்கலா கீது!" என்று சிரித்தான்.

அப்போதெல்லாம் எழுத்துரு ஏற்றிய கணினியில்தான் தமிழ் தெரியும். அந்த எழுத்துரு அவள் கணினியில் இருந்தது. அவன் பார்க்கும் கணினியில் இல்லை. இந்த நேரத்திலும் அழகு பார்த்த பாழாய்ப்போன புத்தியைத் திட்டிக்கொண்டே, எந்தக் கணினியிலும் தெரியும் ஆங்கில எழுத்துகளில் ஒரே வரி அடித்து ஏற்றினாள்: 'Naina poottaaru' - நைனா பூட்டாரு.

"இப்ப பாருண்ணா."

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு பாதியில் நின்றது.