தங்கச்சிக்கு ஒரு வேலை

வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிமூன்று வயதை முழுங்கி ஏப்பம் விட்டவள் அவள். அந்தச் சட்டைக் கம்பெனியில் நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுப்பதில்லை, அவளுக்கோ ஐம்பத்தேழு. படிவத்தில் நாற்பத்து நாலு என்று கூசாமல் எழுதினாள். தினக்கூலிக்கு யார் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. மகள் பெயரையும் முப்பத்து நாலு வயதையும் எழுதிய பிறகுதான் கணக்கு உதைத்தது. பத்து வயதில் பிள்ளை பெற்றதாகவா சொல்வது? உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று போட்டுவிட்டாள். வீட்டில் இதைச் சொல்லி அம்மாவும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. தைத்து வருகிற சட்டைகளில் தையல் விட்டதையும் பொத்தான் இடம் மாறியதையும் பிடிப்பது அவள் வேலை. அதில் அவளை அடிக்க ஆளில்லை. வாரா வாரம் அதிகம் பிடித்தவர்களின் பெயரை எழுதும் பலகையில் முதல் பெயர் அவளுடையதுதான். சூப்பர்வைசருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவார். அவரே, "அக்கா மாதிரி நாலு பேர் இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்" என்பார்.

இதற்குள் மகள் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் அலைந்தும் ஒன்றும் அமையவில்லை. ஒரு மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு கத்தரியின் அறைக்குப் போனாள்.

"என் தங்கச்சி சார். செக்கிங்குக்கு ஆள் வேணும்னீங்களே."

"வயசு?"

"முப்பத்து நாலு," என்றாள் மகள். உண்மையைச் சொல்லித் தொலைத்தாள், பாவம்.

"அடடா! இப்போ முப்பதுக்கு மேல எடுக்கறதில்லையேக்கா. வயசாயிட்டா கண்ணு மங்கிடும், கை ஓடாது..."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தன்னைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தான் பெற்றதைப் போய்க் கிழவி என்கிறானே!

"யாருக்குக் கண்ணு மங்குது? பலகையில முதல் பேர் யாரோடது? எனக்கு அம்பத்தேழு வயசு சார். இவ என் தங்கச்சி இல்ல, நான் பெத்த பொண்ணு!"

கத்தரி அன்றுதான் முதல் தடவையாக ஒருவர் பேச்சை வெட்டாமல் முழுசாகக் கேட்டார். எழுந்து போய் அலமாரியில் அவளுடைய படிவத்தைத் தேடினார். வயதைப் பொய்யாக எழுதியவர்களுக்கு அன்றைக்கே வாசலைக் காட்டிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் முந்திக்கொண்டாள்.

"அக்காவுக்குக் கோவம் வந்தா இப்படித்தான் சார், வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. எங்கம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு."

கத்தரி படிவத்தைப் பார்த்தார். வயது நாற்பத்து நாலு, உறவு தங்கை என்றே இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார். "பயமுறுத்திட்டீங்களேக்கா! போங்க, போய் வேலையைப் பாருங்க."

அம்மாவின் வேலை தப்பித்தது.  ஆனால் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போதே மகள் வாயால் செத்துப்போனது அவளுக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றது? எனக்கு வேற ஒண்ணும் தோணலை." கண் கலங்கியிருந்தது.

"சரி, விடு." மகளின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "பின்னாடி தெருவுல இன்னொரு கம்பெனி இருக்கு. அங்க இருபத்தெட்டுன்னு எழுது."