துக்கம் விசாரிக்கப் போனவர்

"மன்னிப்புக்கூடக் கேக்கக் கூடாது, அண்ணா. 'சொறி' எண்டு ஒரு மெசேஜ் போட்டாலும் அது எவிடன்ஸ்."

சட்டத்தரணி சஜிதா இப்படிச் சொன்னபோது யோகாவுக்கு அந்தப் பிள்ளைமேல்தான் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்பதையும் குற்றமாக்கும் ஊர் உண்டா? கணவர் விக்னராஜா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார்.

மெல்பன் புறநகரான கிரான்பர்னில் அவர்களுடைய பலசரக்குக் கடைக்கு வந்த கொள்கலனில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வரி கட்டாத சிகரெட் பெட்டிகள் இருந்தன. ஒழுங்குபடுத்தியவன் கடைப் பங்காளி சுகிர்தன். அவன் இப்போது எந்த நாட்டில் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து விக்னராஜாவுடையது. பின்னால் என்ன என்று கேட்காமல் கையெழுத்து வைத்தது அவர் பிழைதான்; யோகா அதை ஒருபோதும் மறைத்துப் பேசியதில்லை. மத்திய அரசு தொடுக்கும் வழக்கு ஆமைபோல வரும், ஆனால் விடாது என்றாள் சஜிதா. முழு விசாரணை அடுத்த வருடம்தான். அதுவரை பிணையில் வீட்டில் இருக்கலாம். ஆனால் சாட்சி அருந்தவனோடு நேரிலோ பிறர் மூலமாகவோ எந்தத் தொடர்பும் கூடாது.

அருந்தவன் கடையில் பெட்டி இறக்கியவன். விக்னராஜாவோடு ஒரே அகதிப் படகில் வந்தவன். பொலிஸ் கேட்டபோது கண்டதைச் சொன்னான். அதற்காக அவனை யோகா ஒருநாளும் திட்டவில்லை.

ஊர்தான் அவனைத் திட்டியது; இவர்களைப் பார்த்துச் சிரித்தது. கடைக்கு வந்த பிரதீப்குமார் அரிசிப் பையை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "அக்கா, இதுக்கு நெருப்புப்பெட்டி சும்மா தருவியளோ?" என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யோகா மிச்சக்காசை எண்ணி அவன் கையில் வைத்தாள்.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். பத்து வருடம் நேர்த்தி வைத்துக் கிடைத்த பிள்ளை. பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். முருகனிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் அருந்தவனின் தாய் இறந்துபோனார். தற்காலிக விசாவில் இருக்கும் அவன் போனால் திரும்பி வர முடியாது. சனிக்கிழமை செத்தவீட்டை நேரலையில் காட்டுகிறார்கள், ஆட்கள் அருந்தவன் வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

"ஒருக்காப் போட்டு வாங்கோ" என்றாள் யோகா.

"உனக்கென்ன விசரே? சஜிதா சொன்னது கேக்கேல்லையோ?"

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். ஓரமா நிண்டிட்டு வாங்கோ. வயித்தில பிள்ளையோட நான் செத்தவீட்டுக்குப் போகேலாது. எங்கட வீட்டில இருந்து ஒரு சனமும் போகாட்டி நாங்கள் மனிசரே?"

"பிடிச்சாங்கள் எண்டால்?"

"அழுற வீட்டுக்குப் போனதுக்கு ஆர் பிடிப்பினம்?"

அவர் போனார். சீக்கிரமே திரும்பி வந்து, தலைமுழுகிவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தார்.

"நான் வாசல்லதான் நிண்டனான். அவன்தான் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதவன்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"அழாதையடா எண்டனான். வேறென்னத்தைச் சொல்ல?"

"பாத்தியளே!" என்றாள் யோகா. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை மத்திய பொலிஸ் வந்தது.

யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் தன் வேலையைத் திறமாகவே செய்திருந்தார். ஒரு பக்கம் பிரேதப் பெட்டி. மறுபக்கம், 'மெல்பனில் துயருறும் மகன்' என்ற எழுத்தோடு, வீடியோ அழைப்பில் வந்த அருந்தவன் வீட்டு வரவேற்பறை. அதன் வாசலில் அவனை ஒருவர் அணைத்தபடி நிற்கிறார். அவருடைய வாய் அவன் காதருகில். பின்னணியில் சோக நாதஸ்வரம். யார் பொலிஸுக்கு அனுப்பினார்களோ தெரியாது. கனடாவிலிருந்து லண்டன்வரை பார்த்த படம்.

நீதிமன்றத்தில் பிணை மீறல் விசாரணையின்போது அரசு வழக்கறிஞர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். சாட்சியின் காதில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி என்ன சொன்னார் என்று கேட்டார்.

யாரும் எதிர்பாராமல் அருந்தவன் எழுந்தான். அரசின் சாட்சி அவன். எதிரிக்காகப் பேசினால் தன் விசாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தவன். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னான்: "நான்தான் ஐயா கட்டிப்பிடிச்சனான். அண்ணை 'அழாதையடா' எண்டு மட்டும்தான் சொன்னவர். அதுக்கு முதல் எனக்கு ஆரும் அப்பிடிச் சொல்லேல்லை."

நீதிபதி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தாயின் மறைவுக்கு அனுதாபம் சொன்னார். நேர்மையாகப் பேசியதற்கு நன்றியும் சொன்னார். பிறகு, என்ன பேசினார்கள் என்பதல்ல கேள்வி, தொடர்பு கூடாது என்றால் கூடாது என்று, அதே மெல்லிய குரலில் பிணையை ரத்துச் செய்தார்.

கண்ணாடிக் கூண்டிலிருந்து விக்னராஜா யோகாவின் வயிற்றைத்தான் பார்த்தார். பின்கதவால் அழைத்துப் போனார்கள்.

"மேல்கோட்டில கேக்கலாம் அக்கா. ஆனா பிள்ளை பிறக்க முதல் நடக்கும் எண்டு என்னால சொல்லேலாது" என்றாள் சஜிதா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நடைக்கூடத்து வாங்கில் அருந்தவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கொள்ளி வைக்கப் போக முடியாதவன் தலையை மட்டும் மழித்திருந்தான்.

"அவரோட கதைக்காதேங்கோ அக்கா, பிளீஸ்" என்றாள் சஜிதா.

யோகா கதைக்கவில்லை. புருசன் வெளியே வந்ததும் கொடுக்கலாம் என்று இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி வந்த பிளாஸ்க் அவள் பையில் இருந்தது. நான்தானே போகச் சொன்னேன் என்ற நினைவு நெஞ்சை அறுத்தது. திரும்பவும் அப்படி ஒரு சாவு வந்தால் போகச் சொல்லாமல் இருப்பேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருக்க முடியாது என்றுதான் தோன்றியது.

மூடியில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தான். எதிர்ச் சுவரோரம் நின்ற பொலிஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகா மூடியை வாங்கி, மிச்சத்தையும் அவனுக்கே ஊற்றினாள்.